பார்க்காமல் போட்ட கையெழுத்து

நகர மன்றத்து ஆவண அறையில் பதினான்கு வருடமாக வேலை பார்த்த அந்தப் பெண்ணை அலுவலகமே துருவி என்றுதான் கூப்பிட்டது. கோபத்தில் வைத்த பெயர் இல்லை. ஒரு கோப்பைக் கேட்டு வந்தால் கோப்பு கிடைக்கும். கூடவே, அது எதற்கு, யார் கேட்டார்கள், போன வருடமும் இதையே ஏன் கேட்டார்கள் என்று நாலு கேள்வியும் கிடைக்கும். மன்றக் கட்டடத்தின் முன்வாசலில் பதினாறு படி இருக்க, பின்வாசலில் மட்டும் ஏன் பதினைந்து என்று மண்டையைக் குடைந்துகொண்டு ஒரு வாரம் பழைய வரைபடங்களைப் புரட்டியவள் அவள். சாலையை உயர்த்தியபோது ஒரு படி தாருக்கு அடியில் போய்விட்டது என்று கண்டுபிடித்த அன்று, மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு மேசை மேசையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆவண அறை தரைக்குக் கீழே இருந்தது. உயரத்தில் இரண்டு ஜன்னல்கள். அவற்றில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், அப்படித் தெரிந்த கால்களில் ஒரு ஜோடி திரும்பி, படியிறங்கி, உள்ளே வந்து நின்றது. முப்பத்தைந்து வயது இருக்கும் பெண். வலது மணிக்கட்டுக்கு மேலே முக்கோணமாக ஒரு பழைய சூட்டுத் தழும்பு. இஸ்திரிக் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"இங்க அதிகாரிங்க கையத் தூக்கிச் சொல்ற உறுதிமொழி இருக்கில்லங்க, அத எழுதி வைப்பீங்களா, இல்ல சொன்னதோட சரியா?"

பதினான்கு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. துருவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எழுதி வைப்போம். கையெழுத்தும் வாங்குவோம். யாரோடது வேணும்?"

"நகரப் பொறியாளரோடது."

"எதுக்குன்னு கேக்கலாமா? சட்டப்படி நான் கேக்கக் கூடாது. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

இஸ்திரிக்காரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னால அவரு பதவி ஏத்துக்கிட்ட அன்னிக்கு நான் மேல ஹால்ல இருந்தேன். அங்க போடற மேசை விரிப்பெல்லாம் எங்க கடையில தேய்ச்சதுதான். கடைசி விரிப்ப மடிப்பு கலையாம போட்டுட்டு நிமிர்றேன், இவரு கையத் தூக்கிட்டாரு. நடுவுல வெளிய போனா நல்லாருக்காதேன்னு சுவரோரமா நின்னுட்டேன். 'என் கண்ணால் காணாத எதற்கும் என் கையால் ஒப்பமிட மாட்டேன்'னு சொன்னாரு. அட, நல்லாருக்கேன்னு தோணிச்சு. வீட்டுக்குப் போயி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அதுலேருந்து அவரு, நான் எதச் சொன்னாலும், 'உன் கண்ணால கண்டியா?'ன்னு கேலி பண்ண ஆரம்பிச்சுட்டாரு."

அந்த வீட்டுக்காரர் இப்போது இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். ஏழு வாரத்துக்கு முன், தேய்த்த துணி மூட்டையோடு கால்வாய்மேல் இருக்கும் நடைபாலத்தில் போயிருக்கிறார். எதிரே ஒரு சைக்கிள் வர, ஒதுங்கி இரும்புக் கைப்பிடியில் சாய்ந்திருக்கிறார். கைப்பிடி அடியோடு பெயர்ந்து அவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. கால்வாயில் தண்ணீர் இல்லை. கல்லும் கட்டாந்தரையும்தான். பாலத்தின் தூணில் ஒரு பலகை தொங்கியது: 'நேரில் பரிசோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது. நகரப் பொறியாளர்.' அவர் விழுவதற்குப் பத்தொன்பது நாள் முந்தைய தேதி அதில் இருந்தது.

"அவரு பார்த்தும் தப்பு கண்ணுல படலியா, இல்ல பார்க்கவே இல்லியா? அத மட்டும் தெரிஞ்சுக்கணும். கண்ணுல படலேன்னா மனுஷன் தப்பு பண்ணிட்டாருன்னு விட்டுடுவேன். பார்க்கவே இல்லேன்னா, அன்னிக்கு எதுக்குங்க கையத் தூக்கினாரு?"

துருவிக்கு உள்ளங்கால் வரை ஒரு குறுகுறுப்பு ஓடியது. அவள் எழுந்து போய், பதினோராவது அலமாரியின் மேல்தட்டிலிருந்து உறுதிமொழிப் பதிவேட்டை இறக்கினாள். கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய கனம். வருடத்துக்கு நாலைந்து தடவை, யாராவது பதவியேற்கும்போது மட்டும் மேலே போய், கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுபடி கீழே வந்துவிடும். அதை எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறாள். படித்துப் பார்த்ததில்லை.

இடப்பக்கத்தில் உறுதிமொழி. இஸ்திரிக்காரி ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருந்தாள். அவள் ஞாபகம் வைத்திருந்தது நாலாவது வரி. கீழே நகரப் பொறியாளரின் கையெழுத்து, மணிமணியாக. வலப்பக்கத்தில் அச்சடித்த கட்டங்கள்: பெயர், பதவி, நாள், சாட்சிகள். அவற்றுக்கெல்லாம் கீழே, பக்கத்தின் கால்பங்கை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கட்டம். 'இவ்வுறுதிமொழி மீறப்பட்டதாக வந்த முறையீடும் அதன் முடிவும்.'

கட்டம் காலி. துருவி முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். காலி. அதற்கு முந்தையதும் காலி. பழைய தொகுதிகள் இரண்டையும் இறக்கினாள். இஸ்திரிக்காரியும் ஒரு பக்கம் உட்கார்ந்து புரட்டினாள். அறுபத்தோரு வருடம். ஒரு பக்கத்தில் யாரோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருந்தார்கள். மற்றபடி ஒரு எழுத்து இல்லை.

"அறுபது வருஷமா ஒருத்தர்கூட சொன்ன வாக்க மீறலியா?" என்றாள் இஸ்திரிக்காரி.

"இல்ல, ஒருத்தர்கூட வந்து கேக்கலியா?" என்றாள் துருவி.

துருவி அந்தக் கட்டத்தின் தலைப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது துருவிக்கு அதே பேச்சு. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் கேட்டுவிட்டு வருகிற மனிதர், வீட்டில் மனைவியின் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்பார்.

"கட்டம்னு ஒண்ண அச்சடிச்சா, அத ரொப்பறதுக்கு ஒரு வழி இருக்கணும் இல்லீங்களா? யாரு எழுதணும், எப்படி எழுதணும், ஒண்ணுமே தெரியல. மேல கேட்டா, அது சும்மா பழைய படிவம்னு சொல்றாங்க."

"எங்க பஸ்ல பின்னால அவசர வழின்னு ஒரு கதவு இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷமா யாரும் தொறக்கல. அதுக்காக அது சுவர் ஆயிடுமா? எப்படித் தொறக்கணும்னு பக்கத்துலயே எழுதி ஒட்டியிருக்கும். உன் கட்டத்துக்கும் எங்கியாவது எழுதி வச்சிருப்பான். தேடு."

"நீங்களும் வேலையில சேர்றப்ப உறுதிமொழி எடுத்தீங்களா?"

"எடுத்தேன். என்னன்னு ஞாபகம் இல்ல. ஹாரன் அடிக்க மாட்டேன்னு மட்டும் அதுல இல்ல. அது நல்லா ஞாபகம் இருக்கு."

மறுநாளும் அதற்கு மறுநாளும் துருவி தேடினாள். மூன்றாம் நாள், கரையான் தின்ற ஓரங்களோடு ஒரு மெல்லிய விதிநூல் அகப்பட்டது. 'உறுதிமொழி விதிகள்.' ஒன்பதாவது விதி ஒரு முழுப் பக்கம். ஓர் அதிகாரியின் செயலால் பாதிக்கப்பட்ட எவரும் முறையிடலாம். மன்றத் தலைவர் அதை முப்பது நாளுக்குள் பொது அமர்வில் வைக்க வேண்டும். வைக்கத் தவறினால் அதுவே தலைவருடைய உறுதிமொழியின் மீறலாகும். அதிகாரி தாம் உறுதிமொழி எடுத்த அதே இடத்தில் நின்று அதை வரிவரியாக மீண்டும் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் முறையிட்டவர் பேசலாம். மீறிய வரிக்கு அதிகாரி தம் வாயால் பதில் சொல்ல வேண்டும். பிறகு உறுப்பினர்கள் எடுக்கும் முடிவு பதிவேட்டின் கட்டத்தில் எழுதப்படும்.

விதி ரத்தாகிவிட்டதா என்று அடுத்து வந்த அத்தனை திருத்தங்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ரத்தாகவில்லை. யாரும் அதைத் தொடவேயில்லை. விதி நிறைவேறிய நாளின் நடவடிக்கைக் குறிப்பையும் எடுத்தாள். ஓர் உறுப்பினர், "இந்தக் கட்டத்தில் யார் வந்து எழுதப் போகிறார்கள்? பக்கம் வீண்" என்று எதிர்த்திருந்தார். "எழுத வருகிறவரிடம் இடமில்லை என்று சொல்வதைவிடப் பக்கம் வீணாகட்டும்" என்று இன்னொருவர் பதில் சொல்லியிருந்தார். பதில் சொன்னவர் யார் என்று பார்த்தாள். மன்றத்தில் ஒரே ஒரு தவணை இருந்தவர். அதற்குமேல் அவரைப் பற்றி ஒரு வரிகூட அகப்படவில்லை. அது அவளுக்கு இன்றைக்கும் ஒரு குறைதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இஸ்திரிக்காரி மறுபடி வந்தாள். ஒன்பதாவது விதியின் நகலைத் துருவி அவள் கையில் கொடுத்தாள். அவள் வாய்விட்டுப் படித்தாள், ஒவ்வொரு சொல்லாக.

"சரி. அவரு பார்க்கலேன்னு நான் எப்படிச் சொல்றது? பலகையில போட்டிருக்கிற தேதியில அவரு எங்க இருந்தாருன்னு தெரியுமா?"

துருவிக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். "நீங்களா கேட்டா நான் எடுத்துத் தரலாம். அந்தத் தேதிக்கு என்னென்ன பதிவு இருக்குன்னு கேளுங்க."

"அந்தத் தேதிக்கு என்னென்ன பதிவு இருக்குங்க?"

இருந்தது. அன்று மன்றத்தில் முழுநாள் அமர்வு. பத்தரை மணிக்கு நகரப் பொறியாளர் சாக்கடைத் திட்டம் பற்றி விளக்கினார். பன்னிரண்டுக்கு விளக்குக் கம்பங்கள். மூன்று மணிக்கு மறுபடி சாக்கடை. ஐந்தரைக்கு அமர்வு முடிந்தது. அதே தேதியில் பதினொரு நடைபாலங்களுக்குச் சான்றிதழ் கையெழுத்தாகியிருந்தது. நகரத்தின் ஒரு கோடியில் தொடங்கி மறு கோடி வரை பதினொன்று.

இஸ்திரிக்காரி அந்தத் தாள்களில் விரல் வைத்து ஒன்றொன்றாக எண்ணினாள். கோபப்படுவாள் என்று துருவி நினைத்தாள். அவளோ, "பதினொண்ணா?" என்று மட்டும் கேட்டாள். "அப்ப மீதி பத்து?"

அங்கேயே உட்கார்ந்து முறையீட்டை எழுதினாள். அரைப் பக்கம்கூட வரவில்லை.

அதை உள்வரவில் பதிய வேண்டியவர் துருவியின் மேலதிகாரி, கண்காணிப்பாளர். அலுவலகத்தில் அவருக்குப் 'பார்க்கலாம் சார்' என்று பெயர். விடுப்பு கேட்டாலும், விசிறி வேண்டும் என்றாலும், தீப்பிடித்திருக்கிறது என்றாலும் முதல் பதில் அதுதான். கெட்ட மனிதர் இல்லை. யாரோடும் உரசாமல் ஓய்வு பெற வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை. இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

தாளைப் படித்துவிட்டு மேலே தொலைபேசியில் பேசினார். பேசி முடித்தபோது நெற்றி வேர்த்திருந்தது.

"ஏம்மா, இத இப்போதைக்கு உன் மேசை அறையில போட்டு வை. நம்பர் போட வேண்டாம். காதும் காதும் வச்ச மாதிரி இருக்கட்டும்னு தலைவர் சொல்றாரு. பாலத்துக்குப் புதுக் கைப்பிடி போட்டாச்சாம்."

"எத்தனை நாளைக்கு சார்?"

"பார்க்கலாம்."

துருவி தாளை வாங்கிக்கொண்டாள். மேசை அறையைத் திறந்தாள். உள்ளே வைத்தாள். மூடினாள். பிறகுதான் அவளுக்கே ஒன்று தோன்றியது: அதிகாரிகளெல்லாம் உறுதிமொழி எடுத்தார்கள், சரி. நான் எடுத்தேனா?

எடுத்திருந்தாள். ஊழியர்களுக்கு வேறு பதிவேடு, சின்னது. பதினான்கு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த அன்று, நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சேர்க்கைப் படிவங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். 'என்னிடம் வந்த தாளை மறைக்க மாட்டேன், தாமதிக்க மாட்டேன், உள்ளதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.'

'உள்ளதை இல்லை' என்ற இடத்தில் அவள் கண் நின்றது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஒரு பெரியவர் வீட்டு வரைபட நகல் கேட்டு வந்தார். அலுவலகம் மூடக் கால்மணி நேரம்தான் இருந்தது, பேருந்தைப் பிடிக்க வேண்டும், கோப்பு மேல்தட்டில். "தேடிப் பார்த்துட்டேன், காணோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுபடி வரவேயில்லை. அதை அவள் அன்றே மறந்திருந்தாள். பாலத்தைப் பார்க்காமல் பார்த்தேன் என்றவருக்கும், தேடாமல் தேடினேன் என்ற தனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். விழுந்த ஆளின் எலும்பு ஒரு வித்தியாசம். வேறு ஒன்றும் அகப்படவில்லை.

சின்னப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளர் மேசைக்குப் போனாள்.

"சார், இது என் பக்கம். நான் இதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தத் தாள மேசைக்குள்ள வச்சா நான் இத மீறினவ ஆயிடுவேன். நீங்க நம்பர் போட மாட்டேன்னா, மாட்டேன்னு எழுத்துல கொடுங்க. நான் அத அந்தம்மாகிட்ட குடுத்துடறேன்."

"எழுத்துலயா?" அவர் நாற்காலியில் நெளிந்தார். "என்னம்மா நீ, மாட்டி விடற?"

"உங்க பக்கமும் இதுலதான் இருக்கு சார். பார்க்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய பக்கங்களைப் புரட்டினார். முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. அடியில் ஒரு கையெழுத்து, கடைசி எழுத்தை வளைத்து வளைத்துக் கோடு இழுத்து.

"இவ்ளோ அழகாவா போட்டிருக்கேன்?" என்றார். "இப்பல்லாம் ஒரு கிறுக்கல்தான்."

பிறகு முத்திரையை எடுத்து, மைத்தட்டில் நன்றாக அழுத்தி, தாளின் மூலையில் ஓங்கிக் குத்தினார். எண் போட்டார். கிறுக்காமல் கையெழுத்திட்டார்.

இரண்டு நாள் கழித்து மன்றத் தலைவர் ஆவண அறைக்கு வந்தார். அவர் கீழே வந்து யாரும் பார்த்ததில்லை. எல்லோர் தோளிலும் கை போட்டுப் பேசுகிற, சிரித்த முகக்காரர். ஜன்னலில் போகும் கால்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு இந்த இடம்" என்றார். "ஏம்மா, நல்ல எண்ணத்துலதான் செய்யற, தெரியுது. ஆனா யோசிச்சுப் பாரு. உறுதிமொழிங்கறது ஒரு சம்பிரதாயம். நானும் எடுத்தேன், எல்லாரும் எடுத்தோம். வரிக்கு வரி புடிச்சா நகரத்துல ஒருத்தன் நாற்காலியில உக்கார முடியுமா?"

துருவிக்கு அந்தக் கேள்வி உண்மையிலேயே சுவாரசியமாக இருந்தது. "தெரியலீங்க ஐயா. இதுவரைக்கும் யாரும் புடிச்சுப் பார்க்கலியே" என்றாள். கூடவே விதிநூலை அவர் பக்கம் நகர்த்தி, 'வைக்கத் தவறினால் அதுவே தலைவருடைய உறுதிமொழியின் மீறலாகும்' என்ற வரியைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை. படியேறிப் போனார்.

முறையீடு பதிவான இருபத்தாறாம் நாள் பொது அமர்வு. செய்தி எப்படியோ பரவி, பார்வையாளர் பெஞ்சுகள் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். துருவி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடு மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கட்டத்தில் எழுதப் போகிறவள் அவள்தான்.

நகரப் பொறியாளர் வந்தார். ஐம்பது வயது, ஒல்லி, இஸ்திரி போட்ட சட்டை. கையில் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்த நாலு பக்கம். மூன்று வருடத்துக்கு முன் நின்ற இடத்தில் போய் நின்று படிக்க ஆரம்பித்தார்.

"சட்டத்துக்கு உட்பட்டு நடப்பேன்."

தலைவர் இஸ்திரிக்காரியைப் பார்த்தார். அவள் எழுந்தாள். "அது எனக்குத் தெரியாதுங்க."

"என் பதவியால் எனக்கோ என் உறவினருக்கோ ஆதாயம் தேட மாட்டேன்."

"தேடினதா நான் கேள்விப்படல."

"மக்களிடம் மரியாதையாக நடப்பேன்."

"ஒரு தடவ படியில எதிர்ல வந்தாரு. வழிவிட்டாரு. நல்லபடியாத்தான் நடந்துக்கிட்டாரு."

யாரோ சிரித்தார்கள். பொறியாளர் சிரிக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு நாலாவது வரியைப் படித்தார். குரல் தணிந்திருந்தது.

"என் கண்ணால் காணாத எதற்கும் என் கையால் ஒப்பமிட மாட்டேன்."

"இது" என்றாள் இஸ்திரிக்காரி.

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

பொறியாளர் நாலு பக்கத்தை எடுத்தார். "மேற்படி சான்றிதழ்கள் துறை நடைமுறையின்படி, கீழ்நிலை அலுவலர்களின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு..." என்று ஆரம்பித்தார். இரண்டாவது பத்தியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்களை மடித்து மேசைமேல் வைத்தார்.

"பார்க்கலீங்க" என்றார். "பதினொண்ணுல ஒண்ணக்கூட நான் போய்ப் பார்க்கல. கீழேருந்து வந்த அறிக்கைய மட்டும் படிச்சேன். சாயங்காலம் ஆறு மணிக்கு உக்காந்து வரிசையா போட்டேன். பத்து நிமிஷம் ஆயிருக்கும்."

ஓர் உறுப்பினர் எழுந்தார். "என்ன அவசரம்? ஒரு வாரம் கழிச்சுப் போட்டிருக்கலாமே?"

"பழுது பார்க்க மூடியிருந்த பாலங்கள மறுநாளே தொறக்கணும்னு தேதி குறிச்சாச்சு."

"யாரு குறிச்சது? யாரு கேட்டா உங்கள?"

பொறியாளர் மடித்து வைத்த தாள்களை மேசை விளிம்போடு நேராக்கினார். ஹாலில் இருந்த அத்தனை கண்ணும் ஒரே திசையில், தலைவரின் நாற்காலியை நோக்கித் திரும்பியது. தலைவர் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"யாரு கேட்டாலும் கையெழுத்து என்னோடதுங்க" என்றார் பொறியாளர் கடைசியில். "முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

இஸ்திரிக்காரி மறுபடி எழுந்தாள். "ஒரு சந்தேகம் கேக்கலாமா? ஒருத்தர் வாக்க மீறினா அவரு பக்கத்துல எழுதறீங்க. மீற வச்சவங்க யாராவது இருந்தா, அத யாரு பக்கத்துல எழுதுவீங்க?"

எல்லோரும் துருவியைப் பார்த்தார்கள். அவள் விதிநூலைப் புரட்டினாள், நிதானமாக, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. "அதப்பத்தி இதுல ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "ஆனா தலைவரோட உறுதிமொழியில, அதிகாரிகளின் கடமையில் குறுக்கிட மாட்டேன்னு ஒரு வரி இருக்கு."

வாக்கெடுப்பு நடந்தது. இருபத்தொரு உறுப்பினர்களில் பதினாலு பேர், உறுதிமொழி மீறப்பட்டது என்றார்கள். பொறியாளரின் கையெழுத்து அதிகாரம் ஒரு வருடத்துக்கு எடுக்கப்பட்டது. அந்த ஒரு வருடமும் அவர் நகரத்தின் ஒவ்வொரு பாலத்தையும் நேரில் போய்ப் பார்த்து, பார்த்ததை எழுதித் தர வேண்டும். துணைப் பொறியாளர் தாமும் போய்ப் பார்த்து ஒப்பமிடுவார். துருவி அதைக் கட்டத்தில் எழுதினாள். முதல் சொல்லிலேயே பேனா இழுத்துக்கொண்டு, ஒரு எழுத்து கோணலாகிவிட்டது. அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டாள்.

தலைவர்மேல் அடுத்த மாதம் மூன்று உறுப்பினர்கள் முறையிட்டார்கள். அவரும் நின்று படித்தார். தேதி குறித்தது தான்தான், கையெழுத்துப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்றார். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நாற்காலி தப்பியது. அதில் துருவிக்கு ஏமாற்றம்தான். வீட்டில் சொன்னபோது ஓட்டுநர், "கதவு தொறக்குதுன்னு தெரிஞ்சுதா இல்லியா? இன்னிக்கு அது போதும், சாப்பிடு" என்றார். அவள் போதாது என்றாள். இருவரும் கொஞ்சம் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம், இஸ்திரிக்காரியின் வீட்டுக்காரர் கைத்தடியோடு கடை வரை நடந்து வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, துருவி பார்க்கப் போனாள். கடையில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "அவ அந்தப் பக்கம் போயிருக்கா" என்று கைத்தடியால் காட்டினார். "பொறியாளர் வந்திருக்காராம். வேடிக்கை பார்க்கணுமாம்."

தெருக்கோடியில், மரச்சந்தைக்குப் போகிற பாலம். பொறியாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்து, தலையைப் பாலத்தின் விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார். ஒரு கையில் டார்ச், மறு கையில் சின்னச் சுத்தியல். இஸ்திரிக்காரி இடுப்பில் கைவைத்துப் பக்கத்தில் நின்றாள்.

"என்ன தெரியுது?"

"துரு. இந்தப் பக்கம் லேசாத்தான் இருக்கு." சுத்தியலால் ஒரு போல்ட்டில் தட்டினார். கணீரென்று கேட்டது. "இது நல்லாருக்கு." அடுத்த போல்ட்டில் ஒரு தட்டு. சத்தம் மொத்தென்று விழுந்தது. அவர் மறுபடி தட்டினார். "இது சரியில்ல. உள்ள அரிச்சிருக்கு."

"சத்தத்துலயே தெரியுமா?"

"கேளுங்க."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டுக் காதைக் கொடுத்தாள். அவர் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிக் காட்டினார். துருவியால் சும்மா நிற்க முடியவில்லை. அவளும் போய் மறுபுறம் குனிந்தாள்.

"எத்தனை போல்ட்டு இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு. இன்னும் அந்தப் பக்கம் பார்க்கல."

"அப்ப பாலத்த மூடணுமா, வேண்டாமா?" என்றாள் இஸ்திரிக்காரி. அவள் குரலில் பழக்கமும் இல்லை, பகையும் இல்லை. "சந்தைக்கு ஆளுங்க வந்துட்டிருக்காங்க."

பொறியாளர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையின் முன்புறம் முழுக்கச் செம்மண்ணும் துருவுமாக இருந்தது.

"மூடணும்" என்றார். "துணைப் பொறியாளர் வர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் யாராவது நிக்கணும்."

இஸ்திரிக்காரி பாலத்தின் இந்த முனைக்குப் போனாள். துருவி அந்த முனைக்கு நடந்தாள். முதலில் வந்தவர் தலையில் பலகை சுமந்த ஒரு தச்சர். "ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். வாங்க, வந்து நீங்களே கேட்டுப் பாருங்க என்று துருவி அவரைப் பலகையை இறக்கி வைக்கச் சொன்னாள்.